‘கண்டுகொள்ளாதீர்கள்’ என்ற ஆலோசனையில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் குழந்தை வளர்ப்புப் பகுதியில், அடம் பிடித்து அழும் குழந்தையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நாலைந்து நாளில் தானாக அடங்கிவிடும் என்று ஓர் ஆலோசனை வந்திருந்தது. அதில் பிழை இல்லை; விடுபட்டவைதான் அதிகம். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, மறுநாள் காலையிலேயே செய்து பார்க்கும் வீடுகள் ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பக்கம் நிறைய உண்டு. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அழுகை ஏறும். ஆத்தாவுக்கு (பாட்டிக்கு) மனசு கேட்காது, கைப்பேசியை எடுத்துக் கொடுத்துவிடுவார். “இதெல்லாம் நம்ம புள்ளைக்கு ஒத்து வராதுங்க” என்ற தீர்ப்போடு கதை முடியும். அப்படி முடிந்தால்கூடப் பரவாயில்லை. முன்பு இருந்ததைவிடக் கெட்டியான அடம் ஒன்றை அந்த இரண்டு மூன்று நாளில் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டல்லவா முடிகிறது!

கற்ற நடத்தை ஒன்று மறைவது எப்படி என்பது நூறாண்டுக்கும் மேலாக ஆராயப்பட்ட விஷயம். ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவின் நாய்களைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஒலியும் உணவும் சேர்ந்தே வந்து பழகிய நாய்க்கு, ஒலியைக் கேட்டாலே எச்சில் ஊறும். உணவு தராமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எச்சில் குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். பாடம் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடுகிறது. பாவ்லோவ் அதற்கு மேலும் கண்டார். நின்றுபோன நாய்க்குச் சிறிது ஓய்வு கொடுத்து மறுபடி ஒலித்தால், இடையில் ஒரு பருக்கை உணவுகூடத் தராதபோதும் எச்சில் திரும்ப ஊறியது. பழைய பாடம் அழியவில்லை. அதன்மேல் ‘இப்போது வராது’ என்ற புதிய பாடம் ஒன்று ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டால், வீட்டில் நடக்கும் குளறுபடிகளில் பாதிக்குக் காரணம் விளங்கிவிடும்.

பாவ்லோவின் நாய் எதையும் ‘செய்து’ உணவு வாங்கவில்லை. செய்து வாங்கும் நடத்தைக்கு அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரிடம் போக வேண்டும். நெம்புகோலை அழுத்தி உணவு பெறப் பழகிய எலி ஒன்றின் பெட்டியில், உணவு உருண்டை போடும் கருவி சிக்கிக்கொண்டது. எலி அழுத்திக்கொண்டே இருக்க, பதிவுக் கருவி அதை வரைந்துகொண்டே இருந்தது. பலன் நின்ற பிறகு நடத்தை எப்படிக் குறைகிறது என்று அவர் கண்ட முதல் கோடு அப்படிக் கிடைத்ததுதான். அந்தக் கோடு நேராக இறங்குவதில்லை. ஒரு வேகம், ஒரு தேக்கம், மறுபடி ஒரு வேகம் என்று அலையலையாகத்தான் இறங்கும். குழந்தையின் அழுகையும் அப்படியே.

இனி நடைமுறைக்கு வருவோம். ‘கண்டுகொள்ளாமல் விடுவது’ எல்லா அடத்துக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதுதான் வீடுகளில் நடக்கும் முதல் தவறு. நடத்தையை நிலைக்க வைக்கும் பலன் எதுவோ அதை நிறுத்தினால்தான் நடத்தை மறையும். வேறொன்றை நிறுத்தி என்ன பயன்? அமெரிக்க உளவியலாளர் பிரையன் இவாட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, முதலில் பலனைக் கண்டுபிடித்துவிட்டு வேலையைத் தொடங்குவதே நடத்தைப் பயிற்சித் துறையில் வழக்கமாகிவிட்டது. அந்தப் பலன் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்: யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும், ஒரு பொருள் கைக்கு வர வேண்டும், பிடிக்காத வேலையிலிருந்து தப்ப வேண்டும், அல்லது அந்தச் செயலே உடம்புக்கு இதமாக இருக்கிறது.

கவனத்துக்காக அழும் குழந்தையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பலன் நிற்கிறது. கைப்பேசிக்காக அழும் குழந்தையை நீங்கள் கண்டுகொண்டாலும் கொள்ளாவிட்டாலும் ஒன்றுதான். கைப்பேசி வராமல் இருப்பதே அங்கே முக்கியம். அருகில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுக்கலாம், தவறே இல்லை. வீட்டுப்பாடத்திலிருந்து தப்ப நோட்டைக் கிழிக்கும் குழந்தையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அவன் கேட்டதை நீங்களே கொடுத்தாகிவிட்டது. வகுப்பில் அடிக்கடி நடப்பது இது: கணக்குப் பாடத்தில் தொல்லை செய்யும் பையனை ஆசிரியர் வெளியே நிறுத்துகிறார். வேப்ப மரத்து நிழலும் காற்றும் அவனுக்குக் கிடைக்கின்றன. பின்னமும் தசமமும் உள்ளே நின்றுவிடுகின்றன. மறுநாள் பத்து நிமிடம் முன்னதாகவே தொல்லை தொடங்கும். அவனை உள்ளேயே வைத்து, பத்துக் கணக்கை மூன்றாகக் குறைத்து, மூன்றையும் முடித்தால் தண்ணீர் குடித்து வரலாம் என்று சொல்லி, மூன்று முடியும்வரை வேலையை விலக்காமல் இருந்தால்தான் ‘தப்புதல்’ என்ற பலன் நிற்கும். கோமாளித்தனம் செய்யும் மாணவன் கதையும் இதே போலத்தான். ஆசிரியர் கண்டுகொள்ளாமல் இருப்பதால் அவனுக்கு ஒரு நட்டமும் இல்லை. கடைசி பெஞ்சின் சிரிப்பிலிருந்துதான் அவனுக்குப் பலன் வருகிறது, அது ஆசிரியர் கையில் இல்லை.

எது பலன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு 40 பக்க நோட்டு போதும். பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: மணி, அதற்குச் சற்று முன் நடந்தது, குழந்தை செய்தது, அதன் பிறகு யார் என்ன செய்தார்கள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுத மட்டும் வேண்டும். வேலை நாளும் விடுமுறையும் அதில் வர வேண்டும். மூன்றாம் பத்தியில் ‘அடம் பிடித்தான்’ என்று எழுதினால் பயனில்லை. ‘தரையில் படுத்துக் காலை உதைத்தான், 12 நிமிடம்’ என்று எழுத வேண்டும். நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள், உத்தேசமாக வேண்டாம். அழுகையைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு ஐந்து நிமிடம் அரை மணியாகத் தெரியும். நான்காம் பத்திதான் உயிர். அங்கே ‘யாரும் எதுவும் செய்யவில்லை’ என்று எழுதியிருப்பார்கள். விசாரித்தால், அப்பாரு (தாத்தா) திண்ணையிலிருந்தபடியே “ஏஞ்சாமி அழுவற?” என்று ஒரு தடவை கேட்டிருப்பார். அதுவும் பலன்தான். அம்மா திட்டியது, முறைத்தது, “இப்ப நிறுத்தறயா இல்லையா” என்று அதட்டியது எல்லாமே கவனக் கணக்கில்தான் சேரும்.

ஒரு வாரம் எழுதினால் வடிவம் தெரியும். தறி நிறுத்தியதும், சமையல் தொடங்கியதும், விருந்தாளி வந்ததும் அழுகை வருகிறதா? அழுகை நின்ற ஒவ்வொரு முறையும் கையில் ஒரே பொருள் இருந்ததா? விடை பெரும்பாலும் கடைசிப் பத்தியிலேயே கிடைத்துவிடும்.

அடுத்து, அழுகை ஏறுவது. பலன் நின்ற உடனே நடத்தை குறையாமல், கொஞ்ச காலம் கூடுதலாகவும் வேகமாகவும் புதுப்புது வடிவிலும் வரலாம். அழுத குழந்தை கத்தும். கத்திய குழந்தை பொருளை எறியும், அடிக்கும். எல்லாக் குழந்தைக்கும் இது வரும் என்று சில ஆலோசகர்கள் பயமுறுத்துகிறார்கள், அதுவும் சரியல்ல. டோரதியா லெர்மனும் இவாட்டாவும் 1995இல் 113 சிகிச்சைப் பதிவுகளை அலசியபோது, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில்தான் இந்த ஏற்றம் தெரிந்தது. அதைவிடப் பயனுள்ள கணக்கு ஒன்றும் அதே ஆய்வில் இருக்கிறது. பலனை நிறுத்துவதை மட்டும் செய்த பதிவுகளில் 36 சதவீதத்தில் ஏற்றம் தெரிந்தது. அதோடு வேறு வழிமுறைகளையும் சேர்த்துச் செய்தவற்றில் 12 சதவீதத்தில்தான் தெரிந்தது. குழந்தைக்குப் பழைய வழியை அடைக்கும் அன்றே புதிய வழியையும் திறந்து வைத்தால் கத்தல் குறையும் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். தங்கள் பத்தியில் விடுபட்டவற்றுள் எங்களுக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

புதிய வழி என்றால் என்ன? அதே பலனைக் கண்ணியமாக வாங்கும் வழி. பேச்சு வந்த குழந்தைக்கு “அம்மா, இங்க பாரு” என்ற சொல். பேச்சு வராத குழந்தைக்குக் கையைத் தொடும் சைகை, அல்லது ஒரு பட அட்டை. தொடக்கத்தில் அது வந்த ஒவ்வொரு முறையும், வந்த சில நொடிகளுக்குள், பலன் கிடைக்க வேண்டும். “இரு, குழம்பைத் தாளிச்சிட்டு வர்றேன்” என்பதெல்லாம் பிறகு. முதல் வாரத்திலேயே காக்க வைத்தால் குழந்தை பழைய வழிக்கே போகும்; அதுதானே அங்கே வேகமாக வேலை செய்தது.

இன்னொரு முறையும் உண்டு. வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இதுவே எளிது. நோட்டைப் பார்த்து, அழுகை சராசரியாக எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது என்று கணக்கிடுங்கள். பத்து நிமிடம் என்றால், எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை, குழந்தை கேட்காமலேயே, ஒரு நிமிடம் முழுதாக அதனிடம் இருங்கள். கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் அமைதியாகப் போனால் பத்து, பிறகு பன்னிரண்டு, பதினைந்து என்று இடைவெளியை நீட்டுங்கள். ஒரு படியில் அழுகை திரும்பினால் முந்தைய படிக்கு இறங்குங்கள். மணி அடிக்கும் அதே நொடியில் குழந்தை கத்திக்கொண்டிருந்தால் உடனே போகாதீர்கள். அடங்கி அரை நிமிடம் ஆனபின் போங்கள். இல்லாவிட்டால் கத்தலும் கவனமும் தற்செயலாக ஒட்டிக்கொள்ளும்.

கொங்குப் பகுதி வீடுகளில் இந்த முறை உடைவது வேறோர் இடத்தில். அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனிக்கோ தறிக்குடோனுக்கோ போய்விட, பகல் முழுக்கக் குழந்தை ஆத்தா, அப்பாரு கையில் இருக்கிறது. இரவு அம்மா கொடுக்காததைப் பகலில் ஆத்தா கொடுப்பார். ஆத்தாவும் உறுதியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அத்தை வருவார். மூன்று முறை மறுத்து நான்காம் முறை கொடுப்பது, ஒவ்வொரு முறையும் கொடுப்பதைவிட மோசம். உளவியலாளர் லாயிட் ஹம்ஃப்ரீஸ் 1939இல் மனிதர்களின் கண்ணிமைச் சிமிட்டலை வைத்துக் காட்டியதும் இதுதான்: எப்போதும் பலன் பெற்றுப் பழகிய நடத்தை சீக்கிரம் மறைகிறது, சில முறை மட்டும் பலன் பெற்றுப் பழகியது லேசில் மறைவதில்லை. சனிக்கிழமை தவறாமல் வாரச் சம்பளம் வாங்கிப் பழகியவருக்கு ஒரு வாரம் வராவிட்டால், ஏதோ மாறிவிட்டது என்று உடனே தெரியும். முதலாளி நினைத்தபோது கொடுக்கும் இடத்தில் வேலை செய்பவர் மூன்று வாரம் வராவிட்டாலும் ‘அடுத்த வாரம் வரும்’ என்று உழைத்துக்கொண்டே இருப்பார். நின்றுவிட்டது என்று அவர் அறிந்துகொள்ளவே வழியில்லை. குழந்தையும் அதே நிலையில்தான் இருக்கிறது.

இதற்கு உளவியலாளர் கார்ல் வில்லியம்ஸ் 1959இல் பதிப்பித்த ஒரு குழந்தையின் பதிவைவிட நல்ல உதாரணம் இல்லை. 21 மாத ஆண் குழந்தை. பிறந்ததிலிருந்து பல மாதம் உடல்நலமின்றி இருந்து, நிறையக் கவனிப்பில் வளர்ந்தது. உடம்பு தேறிய பிறகும், தூங்கும்வரை பெரியவர் ஒருவர் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்தால் அழுகை. மருத்துவ ரீதியாகக் குறையில்லை என்று உறுதி செய்துகொண்டு, படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து, திரும்பிப் போகாமல் இருந்தார்கள். முதல் இரவு 45 நிமிடம் அழுதது. பத்தாம் முறைக்குள் சிணுங்கல்கூட இல்லை. பிறகு ஓர் இரவு அத்தை படுக்க வைத்தபோது குழந்தை மறுபடி அழுதது. அத்தை திரும்பிப் போய்த் தூங்கும்வரை உடனிருந்தார். ஒரே இரவுதான். மறுநாள் முதல் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. இந்த இரண்டாம் சுற்றில் ஒன்பதாம் முறையில்தான் அழுகை முழுதாக நின்றது. அதன் பிறகு இரண்டாண்டுகள் அந்தத் தொல்லை இல்லை என்று பதிவு முடிகிறது. குழந்தையைத் தனி அறையில் படுக்க வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. அந்தப் பகுதியைக் காப்பியடிக்கத் தேவையும் இல்லை. அத்தை வந்த இரவைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

ஆகவே தொடங்குவதற்கு முன், குழந்தையைத் தூக்கும் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். ஆத்தாவிடம் “கொடுக்காதீங்க” என்று மட்டும் சொன்னால் நடக்காது. ஏன் என்று சொல்லி, அழுகை ஏறக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லி, அந்த நேரத்தில் அவர் என்ன செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும்: முருங்கைக்கீரை ஆயலாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகலாம். சும்மா உட்கார்ந்து பேரப்பிள்ளை அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வது கொடுமை, யாராலும் முடியாது. வீட்டில் ஒருவர் உடன்படவில்லை என்றால் தள்ளிப் போடுங்கள். அரைகுறையாகச் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பது மேல். மாரியம்மன் நோம்பி (திருவிழா) சாட்டியிருக்கும் வாரம், ஒறம்பரை (உறவினர்) நிறைந்திருக்கும் நாட்கள், தேர்வு, காய்ச்சல், தம்பியோ தங்கையோ பிறந்த மாதம், இவற்றில் தொடங்க வேண்டாம்.

எங்கே எப்படியும் விட்டுக்கொடுக்கத்தான் போகிறீர்கள் என்று தெரியுமோ, அங்கே முதல் சிணுங்கலிலேயே கொடுத்துவிடுங்கள், அல்லது சிணுங்கும் முன்பே. சந்தையில், பேருந்தில், துக்க வீட்டில் யாராலும் தாக்குப் பிடிக்க முடியாது. இருபது நிமிடம் மறுத்துவிட்டு இருபத்தோராம் நிமிடம் தேன்மிட்டாய் வாங்கித் தந்தால், இருபது நிமிடம் அழ வேண்டும் என்றுதான் குழந்தை கற்கும். கடை வாசலுக்கு முன்பே “இன்னைக்கு ஒரு பண்டம், அதுவும் வீட்டுக்குக் கிளம்பும்போது” என்று சொல்லி, சொன்னபடி கொடுப்பது இதைவிட எவ்வளவோ நல்லது.

கைப்பேசி காட்டிச் சோறூட்டுவதைப் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். அங்கே வாயை மூடிக்கொள்வதுதான் குழந்தை கற்ற நடத்தை. படம் ஓடுவது பலன். உணவு நேரத்தை 20 முதல் 30 நிமிடத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் வழக்கமான அளவில் பாதி மட்டும் வையுங்கள். கைப்பேசி கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். மேலே அலமாரியில் தெரியும்படி வைப்பது வேண்டாத சோதனை. தட்டு எடுத்த பிறகு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பத்து நிமிடம் படம் பார்க்கட்டும். சோற்றுக்கும் படத்துக்கும் உள்ள முடிச்சு அப்போதுதான் அவிழும். இடையில் பிஸ்கட்டும் பாலும் கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டால் எந்த முறையும் பலிக்காது. எடை குறைந்த குழந்தை, அடிக்கடி வாந்தி எடுக்கும் குழந்தை, விழுங்கும்போது இருமும் குழந்தை, இவர்களிடம் இதைச் செய்யவே கூடாது. முதலில் குழந்தை மருத்துவர் பார்க்கட்டும்.

சரி, அடங்கிவிட்டது. இனிப் பயமில்லையா? பாவ்லோவின் நாய் இங்கேதான் திரும்ப வருகிறது. நான்கு நாள் அம்முச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டுக்குப் போய் வந்த குழந்தை, நின்றுபோன அடத்தை மறுபடி ஒரு முறை வீசிப் பார்க்கும். இது எதிர்பார்க்க வேண்டியதுதான், தோல்வி அல்ல. அதற்கும் பலன் வராவிட்டால் முன்பைவிடச் சீக்கிரம் அடங்கும். இடம் மாறுவதும் இப்படியே. 1979இல் உளவியலாளர்கள் மார்க் பௌட்டனும் ராபர்ட் போலஸும் எலிகளுக்கு ஓரிடத்தில் ஒலியைக் கேட்டால் அஞ்சக் கற்றுக்கொடுத்து, வேறோர் இடத்தில் அந்த அச்சத்தைத் தணித்தார்கள். பழைய இடத்தில் ஒலித்தபோது அச்சம் திரும்ப வந்தது. கற்றது எல்லா இடத்துக்கும் பரவுகிறது. தணிந்தது தணிந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. பயிற்சி மையத்தில் சமர்த்தாக இருக்கும் குழந்தை வீட்டுப்படி ஏறியதும் பழையபடி நடப்பதற்கு அம்மாவின் செல்லம் மட்டும் காரணம் இல்லை. வீட்டில், தோட்டத்துச் சாளை வீட்டில், கடையில், அம்முச்சி ஊரில் என ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

குடியை விட்டு மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்புபவருக்கும் இதே சிக்கல். அங்கே தணிந்த வேட்கை அங்குள்ள சுவர்களோடு சேர்ந்து தணிந்தது. சனிக்கிழமைச் சம்பளம், அதே பேருந்து நிறுத்தம், அதே கூட்டாளி என்று எல்லாம் ஒன்றாக எதிரே வரும்போது அது திரும்புகிறது; மன உறுதி இல்லாதவர் என்று ஊர் பேசும். முதல் சில மாதம் சம்பளத்தை நேரே வங்கிக் கணக்குக்கு மாற்றுவதும், வேறு வழியாக வீடு திரும்புவதும் இந்தக் காரணத்தால்தான் பயன் தருகின்றன. உளவியலாளர்கள் ரெஸ்கோர்லாவும் ஹெத்தும் 1975இல் எலிகளிடம் காட்டிய ஒன்றும் இங்கே பொருந்தும்: ஒலியோடு மின் அதிர்ச்சி தந்து கற்பித்த அச்சம் தணிந்த பிறகு, அதைத் திருப்பி எழுப்ப ஒலியே இல்லாமல் அதிர்ச்சி மட்டும் வந்தால்கூடப் போதும். ‘ஒரே ஒரு கிளாஸ், நோம்பிக்குத்தானே’ என்பது எவ்வளவு விலையுள்ள உபசாரம் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

அச்சம் மறையாமல் இருப்பதற்கு விலகிப் போவதே பெரிய காரணம். நாய் துரத்தியதால் ஒரு தெருவையே தவிர்ப்பவர், நாய் கடிக்காமல் போகும் நூறு தருணங்களை இழக்கிறார். அஞ்சியது நடக்காத அனுபவம் கிடைத்தால்தானே புதிய பாடம் ஏறும்? சிலர் கையில் கயிறோ தாயத்தோ இருந்தால்தான் அந்தத் தெருவில் நடப்பார்கள். நம்பிக்கையில் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றும் ஆகாமல் வீடு வந்து சேர்ந்த பெருமை முழுவதும் கயிற்றுக்கே போய்விடுகிறது, தெருவைப் பற்றிய அச்சம் அப்படியே இருக்கிறது. துரத்திய நாய் இன்னும் அந்தத் தெருவில் திரிந்தால் கதை வேறு. அது நியாயமான எச்சரிக்கை, தணிக்க வேண்டியதல்ல.

தங்கள் நாளிதழில் அடிக்கடி வரும் வேறொரு செய்தியையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுப் பாதையில், உணவளிக்காதீர்கள் என்று பலகை வைத்த பிறகும் நாட்டுக்குரங்குகள் வண்டிக்குள் கை விடுவதாகப் புகார். வாரநாளில் பத்து வண்டி கொடுக்காமல் போய், ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டி வாழைப்பழச் சீப்பை நீட்டினால், சில முறை மட்டும் பலன் தரும் ஏற்பாட்டை நாமே அமைத்துக் கொடுத்ததாகும். கண்காணிப்பைத் தொடங்கிய முதல் வாரங்களில் பறிப்பு கூடவும் செய்யலாம். அதைப் பார்த்துத் தடை பலிக்கவில்லை என்று கைவிடுவது ஆத்தா கைப்பேசி கொடுப்பதற்குச் சமம். விடுமுறை நாளில் ஆள் நிறுத்தாமல் வேலை நாளில் மட்டும் நிறுத்துவதால் காசுதான் வீண். தடாகம், தாளவாடிப் பக்கம் யானைக்கு வெடி வெடித்துப் பலிக்காமல் போவதையும் சிலர் இதே கணக்கில் சேர்க்கிறார்கள். அது வேறு. அங்கே கற்ற நடத்தை எதுவும் மறையவில்லை. வெறும் சத்தத்துக்கு யானை பழகிப்போகிறது. அதைத் தூண்டி இழுக்கும் பலனான வாழையும் கரும்பும் அங்கேயே நிற்கின்றன.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. எந்த அழுகையைக் கண்டுகொள்ளாமல் விடவே கூடாது என்பதைத் தங்கள் பத்தி சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் அழுகைக்கு இந்த முறையே கிடையாது. காது வலி, மலச்சிக்கல், பல் முளைப்பு, காய்ச்சல், பசி, தூக்கக் குறைவு ஆகியவற்றை முதலில் நீக்கிவிட்டுத்தான் அடம் என்று பேசலாம். திடீரென்று புதிதாகத் தொடங்கிய அழுகை, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் மட்டும் வரும் அழுகை, பள்ளிக்குப் போகவே மறுக்கும் அழுகை ஆகியவற்றை அடம் என்று பெயரிட்டு ஒதுக்கினால் பெரிய தவறு நேரும். குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச வேண்டியவை இவை. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு மிக்சி சத்தத்தாலோ கூட்டத்தாலோ வரும் திணறல் எந்தப் பலனையும் நாடி வருவதில்லை. அங்கே சத்தத்தைக் குறைப்பதுதான் சிகிச்சை. தலையைச் சுவரில் மோதுதல், தன்னைக் கடித்து ரத்தம் வரவைத்தல், மூச்சடக்கி நீலமாகுதல், ரோட்டை நோக்கி ஓடுதல் போன்றவை இருந்தால் வீட்டில் தனியாக முயலவே வேண்டாம். ஏற்றம் வரும்போது எவ்வளவு ஏறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தடுக்கப் பயிற்சி பெற்றவர் உடனிருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களை அணுகலாம். பெற்றோரின் மன அழுத்தத்துக்கு அரசின் தொலைபேசி மனநலச் சேவையான ‘டெலி மனஸ்’ 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

குழந்தையோடு எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு வாரத்தில் நோட்டில் நிமிடங்கள் குறையவில்லை என்றால், நேரத்தை நீட்டாதீர்கள். பலனைத் தவறாகக் கணித்திருக்கிறீர்கள், அல்லது எங்கோ ஓரிடத்தில் அது இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது. நான்காம் பத்தியைத் திரும்பப் படியுங்கள். பக்கத்து வீடு, அங்கன்வாடி, மூத்த பிள்ளை, மாலையில் வரும் பால்காரர் என்று ஒவ்வொருவராகப் பாருங்கள்.

அடுத்த முறை இத்தகைய ஆலோசனையை வெளியிடும்போது, எந்தப் பலன், யார் யார் உடன்பட வேண்டும், முதல் வாரம் என்ன நடக்கும், யார் இதைச் செய்யக் கூடாது என்ற நான்கையும் அதே பெட்டிக்குள் அச்சிட வேண்டுகிறோம். இடம் போதாவிட்டால் தலைப்பின் எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி, நடத்தைப் பயிற்சித் துறையில் பணியாற்றும் வாசகர்கள் சிலர்,
ஈரோடு மாவட்டம்.